விமானத் தொலைவு சொல்லும் இணையச் சேவைகள்: கிலோமீட்டரை நம்பலாம், மணிக்கணக்கை எப்படி எடுத்துக்கொள்வது?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலான வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையச் சேவைகள் இன்று ஏராளமாக இருக்கின்றன. வீட்டிலும் நட்பு வட்டத்திலும் யார் வெளிநாட்டுப் பயணம் கிளம்பினாலும் திட்டமிடும் வேலை பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்வதால், இவற்றை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொலைவைச் சொல்வதில் இவை மிகவும் நம்பகமானவை. நேரத்தைச் சொல்வதில் பெரும்பாலானவை ஒரு தோராயமான வகுத்தல் கணக்கைத் துல்லியமான விடைபோலக் காட்டுகின்றன என்பதே இத்தனை நாள் பழக்கத்தில் நான் வந்தடைந்த முடிவு. ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், அருகருகே இரண்டும் அச்சாகியிருப்பதால் படிப்பவர் இரண்டையும் ஒரே மாதிரி நம்பிவிடுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தொலைவுக்கு மட்டும் ஒரு சேவையைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தைச் சொல்வேன். தோற்றத்தில் பழையது, இன்றைய தளங்களின் பளபளப்பு எதுவும் அதில் கிடையாது. ஆனால் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை இடையில் ஒரு சிறு கோடிட்டுத் தட்டினால் போதும், வரைபடத்தில் வழியை வரைந்து, கிளம்பும் திசையையும் தொலைவையும் கீழே ஒரு சிறிய அட்டவணையில் தந்துவிடுகிறது. மைல், கடல் மைல், கிலோமீட்டர் என எந்த அலகில் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பல நிலையங்களைத் தொடர்ச்சியாகக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்தின் தொலைவையும் மொத்தத்தையும் தனித்தனியே காட்டும். இந்தக் கடைசி வசதியின் அருமை, இடையில் விமானம் மாறிச் செல்லும் பயணங்களைத் திட்டமிடும்போதுதான் புரியும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தத் தளம் தரும் எண் சரியானதுதானா என்று சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையும் நியூயார்க்கை அடுத்த நியூவார்க் விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இடைநில்லாமல் பறக்கும் பயணிகள் விமானத் தடங்களில் மிக நீண்டவற்றில் இதுவும் ஒன்று. சாங்கி ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், நியூவார்க் ஏறத்தாழ 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178 பாகை, அதாவது உலக உருண்டையில் ஒன்று மற்றொன்றுக்குக் கிட்டத்தட்ட நேரெதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. எனவே இவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. சாங்கியின் அட்சரேகை 1.36 பாகை வடக்கு. அங்கிருந்து துருவம் 88.64 பாகை. நியூவார்க்கின் அட்சரேகை 40.69 பாகை வடக்கு. துருவத்திலிருந்து அது 49.31 பாகை. மொத்தம் 137.95 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,340 கிலோமீட்டர் வருகிறது. தளம் காட்டும் எண்ணும் அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. காகிதத்தில் இரண்டு கழித்தல், ஒரு கூட்டல், ஒரு பெருக்கலில் சரிபார்க்க முடிகிற விடை என்பதால் அதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

ஒரே இரண்டு நிலையங்களுக்கு வெவ்வேறு தளங்கள் சற்றே மாறுபட்ட எண்களைக் காட்டுவதைப் பார்த்துச் சிலர் குழம்புவதுண்டு. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள கச்சிதமான கோளமாக வைத்துக் கணக்கிடும் தளங்கள் உண்டு. நடுவில் பருத்து, துருவங்களில் சற்றே தட்டையான உருவமாக வைத்துக் கணக்கிடுபவையும் உண்டு. நிலநடுக்கோட்டு ஆரத்துக்கும் துருவ ஆரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 21 கிலோமீட்டர்தான். ஆகவே இரு முறைகளுக்கும் இடையிலான வித்தியாசம் அதிகம் போனாலும் அரை சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். பயணிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. உண்மையில் கவனிக்க வேண்டியது அலகு. சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எந்த மைல் என்று தெளிவாகச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டுவிடும் தளத்தில், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் 15 சதவீதம் பிசகிவிடும். நெடுந்தொலைவுப் பயணத்தில் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

வரைபட விஷயத்திலும் தளங்களுக்குள் தராதரம் இருக்கிறது. தட்டையான உலகப்படத்தில் இரு நிலையங்களையும் நேர்க்கோட்டால் இணைத்துக் காட்டும் தளங்களை நான் ஒதுக்கிவிடுகிறேன். மிகக் குறுகிய வழி அந்தப் படத்தில் வளைந்துதான் தெரியும். நேர்க்கோடாக வரைந்தால் படிப்பவர் கடக்காத நாடுகளைக் கடப்பதாகவும், உண்மையில் கடக்கும் ஆர்க்டிக் பகுதியை ஒதுக்கிவிட்டதாகவும் எண்ணிக்கொள்வார். கிரேட் சர்க்கிள் மேப்பரில் வரைபடத்தின் பார்வையையே மாற்றி உருண்டையாகப் பார்க்கலாம். சிங்கப்பூர்–நியூவார்க் வழியை அப்படிப் பார்க்கும்போது துருவத்தின் மேல் செல்லும் கோடு எந்த வளைவும் இல்லாமல் நேராகத் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தருபவர்கள் இதை ஒருமுறையேனும் திரையில் காட்ட வேண்டும்.

நகரத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு விடை சொல்லும் தளங்களிடம் எச்சரிக்கை தேவை. ஒரு பெருநகருக்குப் பல விமான நிலையங்கள் இருக்கலாம். சில தளங்கள் நிலையத்தை விட்டுவிட்டு நகர மையத்திலிருந்தே அளந்துவிடும். அது சிறிய பிசகு. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் பிசகு பெரிதாகிவிடும். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருப்பதுபோல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது, அதற்கும் விமான நிலையம் உண்டு. பர்மிங்காம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. மூன்றெழுத்துக் குறியீட்டை வலியுறுத்திக் கேட்கும் தளமே இவ்விஷயத்தில் பாதுகாப்பானது. பயணச்சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் அதே குறியீடுதான் இருக்கப்போகிறது என்பதால், அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது எப்படியும் நல்லது.

இனி நேரத்துக்கு வருவோம். தேடுபொறியில் இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டு எவ்வளவு நேரம் என்று கேட்டால் முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல, தொலைவை மணிக்கு 500 மைல், அதாவது 805 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரத்தைச் சேர்த்து விடையைத் தருகின்றன. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இதை ஒப்புக்கொள்ளும் தளங்களும் இருக்கின்றன. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் மேலே பெரிய எழுத்தில் 19 மணி 34 நிமிடம் என்று நிமிடம் வரை சொல்லிவிட்டு, கீழே தோராயம் என்று சொல்வதில் என்ன பயன்? 19 மணி 34 நிமிடம் என்பது சிங்கப்பூர்–நியூவார்க் தொலைவை இந்த முறையில் வகுத்தால் கிடைக்கும் விடை. 2018 அக்டோபரில் ஏ350-900 யூ.எல்.ஆர். ரக விமானத்தைக் கொண்டு இந்தத் தடத்தை மீண்டும் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த நேரமோ அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. நெடுந்தூர விமானங்கள் உயரத்தை எட்டிய பிறகு மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. மேலேறுவதிலும் கீழிறங்குவதிலும் வேகம் குறைவு. 400 கிலோமீட்டர் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி என்பதால் 805 என்ற சராசரி அங்கே மிகையானது. 15,000 கிலோமீட்டர் பயணத்தில் அவை மிகச் சிறிய பகுதி என்பதால் அதே சராசரி குறைவானது. ஒரே எண்ணை இரண்டுக்கும் போட்டால் குறுகிய பயணத்துக்கு நேரம் குறைத்தும், மிக நீண்ட பயணத்துக்கு நேரம் கூட்டியும் காட்டும். தொலைவுக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக் கணக்கிடுவது நிரல் எழுதுபவருக்குக் கடினமான வேலை அல்ல. அதைக்கூடச் செய்யாத தளங்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஆனால் வேகத்தைச் சரிசெய்துவிட்டாலும் காற்று என்ற ஒன்று மிச்சமிருக்கிறது, அதுவே பெரிய விஷயம். விமானங்கள் பறக்கும் உயரத்தில், நடு அட்சரேகைப் பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் வேகக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்கு முட்டுக்கட்டை போடும். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கும் இடையே ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். வகுத்தல் தளங்கள் போக, வர இரண்டுக்கும் 7 மணி 24 நிமிடம் என்று ஒரே நேரத்தைச் சொல்லும். நடைமுறையில் நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரமும், லண்டன் திரும்ப ஏறக்குறைய 7 மணி நேரமும் ஆகும். 2020 பிப்ரவரி 9ஆம் தேதி, சியாரா புயல் வீசிய வேளையில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தொலைவு மாறவில்லை, விமானமும் புதிது அல்ல. காற்று மட்டும்தான் காரணம்.

தென் கோளத்திலும் இதே கதைதான். சிட்னிக்கும் சிலியின் சாண்டியாகோவுக்கும் இடையே ஏறத்தாழ 11,340 கிலோமீட்டர். கிழக்கே சாண்டியாகோ போக பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டியும், மேற்கே சிட்னி திரும்ப 14 மணி நேரத்தை ஒட்டியும் ஆகிறது. போவதற்கும் வருவதற்கும் தனித்தனி நேரம் காட்டாத எந்தச் சேவையையும் இந்தத் தடத்துக்கு நம்பிப் பயன்படுத்த முடியாது.

காற்றைத் தவிர, விமானம் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். சிங்கப்பூர்–நியூவார்க் தடத்தைத் தொடங்கியபோது விமான நிறுவனம் சொன்ன தொலைவு ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். மிகக் குறுகிய வழியைவிட இது 1,350 கிலோமீட்டர் அதிகம். துருவத்தின்மேல் நேராகப் போவதைவிட, பின்காற்று கிடைக்கும் சுற்றுவழியில் போனால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகலாம் என்பதால் விமானிகளும் வழி வகுப்பவர்களும் அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதையைத் தீர்மானிக்கிறார்கள். அரசியல் காரணத்தாலும் வழி மாறும். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ நாரிட்டாவுக்கு மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர். ரஷ்ய வான்வெளி வழியாகப் பறந்த காலத்தில் ஒன்பது, பத்து மணி நேரப் பயணம். 2022இல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு ஃபின்ஏர் வட துருவப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாக நீண்டது. வகுத்தல் தளத்தில் இன்றைக்கும் 10 மணி 14 நிமிடம் என்றே வரும். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் கிளம்பும் அடுத்த விமானத்துக்குச் சீட்டு வாங்கும் ஒருவர் அந்த எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்று அந்தத் தளங்களை நடத்துபவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் நேரத்தை எங்கே பார்ப்பது? ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் என்ற இரண்டு சேவைகளையும் நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். விமான எண்ணைத் தட்டினால், அந்த விமானம் கடந்த சில நாள்களில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் தரையிறங்கியது, வானில் எவ்வளவு நேரம் இருந்தது என்பவை வரிசையாக வந்துவிடும். அந்த வரிசையைக் கீழே வரை ஓட்டிப் பார்த்தாலே ஒரே தடத்தில் நாளுக்கு நாள் அரை மணி, முக்கால் மணி ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஃபிளைட்அவேரில் திட்டமிட்ட வழியின் தொலைவும் நேர்வழித் தொலைவும் அருகருகே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். எவ்வளவு சுற்றிப் போகிறது என்பதை அங்கேயே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். விமான நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள நேரம், விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இறங்கும் ஊரில் கேட்டை அடைவது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கிய பின் ஊர்ந்து வருவதும் அதற்குள் அடக்கம். தாமதத்தைச் சமாளிக்கச் சற்றுக் கூடுதலாகவும் சேர்த்திருப்பார்கள். வானில் இருந்த நேரம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். கண்காணிப்புச் சேவையில் 12 மணி நேரம், அட்டவணையில் பன்னிரண்டே முக்கால் என்று இருந்தால் இரண்டும் சரியே. பயணத்தைத் திட்டமிட அட்டவணை நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைநில்லா விமானமே இல்லாத தடங்களில்தான் வகுத்தல் தளங்கள் அதிகமாகத் தவறான எண்ணத்தை உண்டாக்குகின்றன. லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே ஏறத்தாழ 17,020 கிலோமீட்டர். குவாண்டாஸ் நிறுவனம் 2019 நவம்பரில் 787-9 விமானத்தில் மிகச் சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆய்வுப் பயணமாக லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் பறந்து காட்டியது. ஆனால் சாதாரணப் பயணிக்கு நடுவில் ஓரிடத்தில் நின்று போகும் பயணமே வழக்கம், அதற்கு ஒரு நாள் முழுதும் ஆகிவிடும். இத்தகைய தடத்துக்கும் ஒரு தளம் நிமிடக் கணக்கோடு நேரம் சொல்கிறது என்றால், அது இல்லாத விமானத்தின் நேரத்தைச் சொல்கிறது. என் அத்தையின் பயணத்தின்போது இதன் விளைவை நேரில் பார்த்தேன். அவர் இப்படி ஒரு தளத்தில் பார்த்த நேரத்தை வைத்துக்கொண்டு, மருந்துகளை எந்தெந்த வேளைக்கு எடுப்பது என்று ஒரு தாளில் அழகாகக் குறித்து வைத்திருந்தார். நடுவில் ஓர் இரவு விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது அந்தத் தாளில் எங்குமே இல்லை. கைப்பையில் கூடுதல் மாத்திரை இருந்ததால் பாதகமில்லாமல் போயிற்று. இணைப்பு விமானங்களோடு கூடிய பயணத்துக்குக் காத்திருப்பு உட்பட மொத்த நேரத்தைக் காட்டும் கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற சேவைகளே பொருத்தமானவை.

இங்கேதான் கிரேட் சர்க்கிள் மேப்பரின் பல கட்ட வசதி கைகொடுக்கிறது. சிட்னி–சிங்கப்பூர்–லண்டன் என்று கொடுத்துப் பாருங்கள்: முதல் கட்டம் ஏறத்தாழ 6,300, இரண்டாவது ஏறத்தாழ 10,880, மொத்தம் 17,180 கிலோமீட்டரைச் சுற்றி. நேர்வழியைவிட 160 கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது சிங்கப்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. அதையே லாஸ் ஏஞ்சலஸ் வழியாகக் கொடுத்தால் மொத்தம் ஏறத்தாழ 20,830 ஆகிவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக இருக்கையில் உட்கார வேண்டும். மலிவான சீட்டு எந்த ஊர் வழியாகச் சுற்றுகிறது, அந்தச் சுற்று உடம்புக்குத் தாங்குமா என்று முடிவெடுக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை. வயதானவர்களையோ கைக்குழந்தையையோ அழைத்துப் போகிறவர்கள் சீட்டு வாங்கும் முன் இதை அவசியம் செய்ய வேண்டும்.

சென்றடையும் உள்ளூர் நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயண தேதியைக் கேட்காமல் உள்ளூர் நேரம் சொல்லும் தளத்தைப் பயன்படுத்த வேண்டாம். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையிலான நேர வேறுபாடு ஆண்டின் பருவத்தைப் பொறுத்து 9, 10, 11 மணி என மாறும், ஏனென்றால் இரு ஊர்களும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும் தேதிகள் வேறு வேறு. சர்வதேச தேதிக் கோட்டைக் கடக்கும் பயணங்களில் தேதியும் சேர்ந்து குழப்பும். டோக்கியோவிலிருந்து மாலையில் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலையில் இறங்குவது முற்றிலும் சரியான கணக்கே. திரும்பும்போது ஒரு தேதி காணாமல் போகும். விடுதி அறையை முன்பதிவு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது.

கிரேட் சர்க்கிள் மேப்பருக்குத் தொலைவுக்காக ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். கைபேசித் திரையில் பயன்படுத்தச் சற்றுச் சிரமம் என்பது மட்டுமே என் குறை. கண்காணிப்புச் சேவைகள் இரண்டுக்கும் நேரத்துக்காக நான்கு. பழைய தரவுகளை ஆழமாகப் பார்க்கக் கட்டணம் கேட்பதால் ஒன்று குறைகிறது. ஒவ்வொரு நிலைய இணைக்கும் ஒரு பக்கம் வைத்து வகுத்தல் கணக்கைப் போட்டுவிடும் தளங்களுக்கு இரண்டுக்கு மேல் தர மனமில்லை. அவற்றை நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல: நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு, போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று ஒரு வீச்சைக் காட்டுங்கள், அந்தத் தடத்தில் இடைநில்லா விமானம் இல்லையென்றால் அதைத் தொலைவுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.